மழை நாளில் ஏது ரப்பர் பால்?

அத்தியாயம் 9

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பஞ்சாலைக்கு வாய் ஓடும். அன்று காலை ஏழு மணிக்கு மெல்ரிட்ஜ் தோட்டத்தில் கால் வைத்ததிலிருந்து அவள் வாய் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

“சார், என் கால்ல ஏறுன அட்டய எண்ணிட்டேன். ஒம்போது. ஒங்க கால்ல ஒன்னுகூட இல்ல. செட்டியார் வீட்டு ரத்தம்னா அட்டைக்கும் பயமா?”

“பாத்து நட,” என்றார் துப்பறியும் சோலையப்பன்.

அவ்வளவுதான் அவர் பேச்சு. சிரம்பானில் மூன்று தலைமுறையாக வட்டிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, அந்தக் கடையின் மாடியிலேயே துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிக்கொண்ட ஒரே ஆள் அவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பஞ்சாலை அதற்கு நேர் எதிர். இதே மாதிரி ஒரு தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். பதினாறு வயதில் உளி பிடித்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். பிறகு சுங்கை காடுட் தொழிற்சாலையில் மூன்று வருஷம் இருந்து, சூப்பர்வைசரைப் பற்றி ஒரு கேலி அதிகமாகப் பேசி, வேலை போய், இவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவள்.

இருவருக்கும் பின்னால் தங்கராஜு வந்துகொண்டிருந்தான். தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை; நாற்பது வயது; உதவி என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் முன்னால் வந்து நிற்கிற ஆள். புதர் வெட்ட இடுப்பில் ஒரு பாராங் கத்தி. கையில் குடை. தோளில் வாரோடு தொங்கியது ஒரு பச்சை நிற ஃப்ளாஸ்க். அந்தக் குடை பெயருக்குத்தான் அவனுக்கு, முழுசும் ஃப்ளாஸ்க்குக்கு. தான் நனைந்தாலும் அதன்மேல் ஒரு சொட்டு விழ விடவில்லை.

“கிராணி ஐயா உயிரே இதுலதான் இருக்கு சார்,” என்றான் மூன்றாவது தடவையாக.

அது உண்மைதான். அந்த உண்மைதான் பஞ்சாலையின் வாயை ஓட வைத்துக்கொண்டிருந்தது.

நல்லசாமி, தோட்டத்துக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி, திங்கட்கிழமை காலை வீட்டை விட்டுப் போனவர். இன்று வியாழன். சர்க்கரை வியாதிக்காரர், தினம் ஊசி போடாவிட்டால் உடம்பு தாங்காது. இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று போனதால் மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். “இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மருந்து உள்ள போயாகணும். நாளைக்குத் தேடிப் பிடிச்சும் பிரயோசனம் இல்ல,” என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கையை விரித்துவிட்டார். நல்லசாமியின் மனைவி மயிலம்மாள் அழவில்லை. ஊசியைத் துணிப்பையில் சுற்றிப் பஞ்சாலையிடம் கொடுத்தாள். ஃப்ளாஸ்க்கை எடுத்து நீட்டியபோது தங்கராஜு முந்திக்கொண்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

நல்லசாமி எங்கே போனார் என்பதில் சந்தேகம் இல்லை. பெட்டி பார்க்கப் போனார்.

அந்த விளையாட்டை அவரேதான் உண்டாக்கினார். பெடாஸிலிருந்து புக்கிட் பெலண்டோக் வரை தோட்டங்களுக்குள் எட்டு இடங்களில் எட்டுப் பெட்டிகளை ஒளித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவர் கொடுக்கும் குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பவர் பெயரும் தேதியும் மணியும் எழுதிவிட்டு, இருந்தபடியே மூடி வைக்க வேண்டும். பரிசு கிடையாது. முதல் ஆளாகக் கண்டுபிடித்தவர் என்ற பெருமை மட்டும். அந்தப் பெருமைக்காக ஆண்கள் பதினொரு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அலைந்தார்கள்.

கிழவருக்கோ பெருமை வேறு இடத்தில் இருந்தது. தண்ணீர் புகாத டப்பா எது என்பதுதான் அவருடைய தவம். எந்த டப்பாவையும் உள்ளே காகிதம் வைத்து, மேலே கல் ஏற்றி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைத்துப் பார்க்காமல் வெளியே விட மாட்டார். காலையில் காகிதம் நமுத்திருந்தால் டப்பா குப்பைக்கு. மூடிக்கு அடியில் மோட்டார் டியூபை வட்டமாக வெட்டிப் போடுவார். அவர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த சட்டதிட்டங்களை அன்று காலை, தங்கராஜு வந்து சேர்வதற்கு முன், பஞ்சாலை உரக்கப் படித்தாள்.

‘தகரம் ஆகாது. பேனா ஆகாது, ஈரத்தில் மை ஓடும், பென்சில் மட்டும். ரப்பர் பால் பூசி மூடுகிறவன் என் பெட்டியைத் தொடவே வேண்டாம். பால் பிசினாக ஒட்டும், அடுத்தவன் பிய்ப்பான், மூடி அப்புறம் உட்காராது.’

அதற்குக் கீழே பெட்டிகளின் ஜாதகம். ‘இரண்டாம் பெட்டி: பழைய புகைக்கொட்டாய். பிஸ்கட் டின். மூன்றே மாதத்தில் ஓட்டை. உள்ளே தவளை. 1983-இல் கைவிடப்பட்டது.’

“தவளையும் நோட்டுல பேரு எழுதிட்டுப் போச்சா?” என்று கேட்டாள் பஞ்சாலை. மயிலம்மாள்கூட ஒரு நொடி சிரித்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்புடவே இல்ல தம்பி. ‘சன்னாசி சாவுக்கு என் பெட்டி பதில் சொல்லுது மயிலு, செவ்வாக்கெழம போலீசுக்குப் போறேன்’னாரு. யாருன்னு கேட்டேன். சொல்லல. அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போலீசுக்குப் போவேன்னுட்டாரு. அவரு கொணம் அப்படி.”

சன்னாசி தோட்டத்துக் காவல்காரர். ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு மாலை, தோட்டப் பாதையில் சைக்கிளில் போனவரை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. விடியும் வரை கிடந்து செத்தார். யார் என்று இன்றுவரை தெரியாது. மோட்டார் வைத்திருக்கும் அத்தனை பேரும் அன்று வேறு ஊரில் இருந்ததாகச் சத்தியம் பண்ணினார்கள்.

அவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஐந்தாம் பெட்டி இருந்தது.

“அந்த நோட்டுதான் நமக்கு வேணும்,” என்று சொன்னார் சோலையப்பன். “அன்னிக்குச் சாயங்காலம் இங்க வந்தவன் எவனோ பழக்கதோஷத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்.”

---

ஐந்தாம் பெட்டி பாதையின் சிறு பாலத்துக்கு அடியில், சிமெண்டுக் குழாயின் மேல்விளிம்பில் சொருகியிருந்தது. பெருநாள் பலகாரம் போட்டு வைக்கிற சிவப்பு மூடி பிளாஸ்டிக் பாட்டில். சோலையப்பன் குனிந்து எடுத்தார். மூடியைச் சுற்றி வெள்ளையாகத் தடித்த ஒரு பட்டை. அதைப் பிய்த்துத் திருகித் திறந்தார்.

உள்ளே நோட்டு. புதுசு. முதல் பக்கத்தில் அக்டோபர் மாதம் ஐந்தாம் தேதி.

“பழைய நோட்டு இல்ல,” என்றார் சோலையப்பன். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. “ஆகஸ்டு போச்சு.”

“கடைசிப் பக்கம் பாருங்க சார்,” என்றான் தங்கராஜு, குடையை நீட்டிப் பிடித்தபடி.

சோலையப்பன் படித்தார். “‘10.11.86, திங்கள், காலை பத்து. சோதித்தேன். பால் பூசி மூடுகிறேன், இதுவே சிறந்த முறை. இரண்டாம் பெட்டியைப் போலவே இதுவும் நன்றாகக் காய்ந்திருக்கிறது. இங்கிருந்து ஆற்றங்கரை ஏழாம் பெட்டிக்குப் போகிறேன். நல்லசாமி.’”

“ஐயோ!” என்று தலையில் கை வைத்தான் தங்கராஜு. “ஏழாம் பெட்டி சதுப்புக்காட்டுல இல்ல இருக்கு! திங்கக்கெழம ஆறு நெறஞ்சு ஓடுச்சு சார். கையெழுத்து ஐயாவோடதுதான், எனக்குத் தெரியும். அங்கதான் தேடணும். சீக்கிரம் போவோம் லா, நேரம் ஓடுது!”

சோலையப்பன் எழுந்து பாலத்தின் மறுபக்கம் போய் ஆறு இருக்கும் திசையைப் பார்த்தார். பாட்டிலையும் நோட்டையும் பஞ்சாலையின் கையில் கொடுத்திருந்தார்.

பஞ்சாலை நோட்டைப் பார்த்தாள். மற்றப் பக்கங்கள் எல்லாம் பென்சில். இந்த ஒரு பக்கம் மட்டும் நீலப் பேனா.

அவள் விரல் தற்செயலாக மூடியின் பட்டையில் பட்டது. பிசுக்கென்று ஒட்டியது. ரப்பர் பால். தடிப்பான ஒரு மூலையைக் கிள்ளினாள்; உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு துளி பிதுங்கியது. நான்கு வருஷம் அந்தப் பாலோடு புழங்கியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் போனால் பால் இறுகும், மஞ்சளாகும். இது இன்று விடியற்காலையில் பூசியது.

சரி, இன்று விடியற்காலையில் பால் ஏது?

திங்கட்கிழமை விடிவதற்கு முன் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. நான்கு நாளாகத் தோட்டத்தில் ஒருத்தரும் உளியை எடுக்கவில்லை, மரத்தடியில் பால் பிடிக்கும் மங்குகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. இத்தனை பெரிய தோட்டத்தில் இன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணிப்பால் இருக்க வேண்டுமென்றால், கட்டியாகாமல் இருக்க மருந்து கலந்து தொட்டியில் வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்க முடியும். அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அமோனியாவின் காரம் மூளைக்கு ஏறியது.

பால் ஸ்டோர்.

“என்னா தங்கச்சி, மோந்து பாக்குற?” என்றது காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

பஞ்சாலை விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள். திரும்பினாள். தங்கராஜு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தான். குடை, ஃப்ளாஸ்க், பாராங். சட்டைப் பையில் நீலப் பேனா.

ஏதாவது கேலியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எப்போதும் போல. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழவே மாட்டேன் என்றது.

“ஒன்னும் இல்லண்ணே,” என்றாள்.

---

டட்சன் காடி தோட்டப் பாதையில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. சோலையப்பன் ஓட்டினார். பஞ்சாலை பக்கத்தில். தங்கராஜு பின் சீட்டில், சரியாக அவள் பிடரிக்குப் பின்னால்.

சாரிடம் எப்படிச் சொல்வது? கண்ணைக் காட்டலாமென்றால் முன் கண்ணாடியில் தங்கராஜுவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சாடை போதும், பாராங் கழுத்துக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கிழவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்து அவன் மடியில் இருக்கிறது. ஐஸ் கட்டிகள் உள்ளே உருளும் சத்தம் ஒவ்வொரு குழியிலும் கேட்டது. 

நோட்டில் எழுதியிருந்தது கிழவரின் கையெழுத்துதான். அப்படியானால் அவர் உயிரோடுதான் இருக்கிறார். எழுத வைத்திருக்கிறான். பால் பூசினால் பெட்டியைத் தொடாதே என்ற மனுஷனைக் கொண்டே பால் பூசுவதுதான் சிறந்த முறை என்று எழுத வைத்திருக்கிறான். அவரும் சொன்னபடி எழுதிக்கொண்டே நடுவில் ஒரு பொய்யைச் சொருகியிருக்கிறார். இரண்டாம் பெட்டியைப் போலவே காய்ந்திருக்கிறது என்று. இரண்டாம் பெட்டிக்குள் தவளையல்லவா குடியிருந்தது!

பழைய புகைக்கொட்டாய். அங்கேதான் இருக்கிறார்.

சார் இதை யோசித்தாரா? பஞ்சாலை ஓரக்கண்ணால் பார்த்தாள். சோலையப்பனின் முகம் எப்போதும்போல் பூட்டிய கடையாக இருந்தது.

“தங்கராஜு,” என்றார் அவர் திடீரென்று, “நீங்க எவ்வளவு நாளா இந்தப் பெட்டி ஆட்டம் ஆடுறீங்க?”

“போன வருஷத்துலேர்ந்து சார்.”

“ஓ. அப்ப பழைய கதையெல்லாம் தெரியாது.”  பிறகு தொண்டையைக் கனைத்தார். “ஒரு தவளை ஆபீசுக்குப் போச்சாம். கிராணி கேட்டாராம், பேரு என்னன்னு. தவளை சொல்லிச்சாம், நான் எழுத மாட்டேன், எனக்கு பென்சில் பிடிக்காதுன்னு.”

காடிக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்தில் சோலையப்பன் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான். அவர் சொன்ன அழகுக்கு இனிமேலும் சொல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் பஞ்சாலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தவளை. பென்சில். சாருக்குத் தெரியும்!

ஆற்றுக்குப் போகும் வளைவு வந்தது. காடி வளையாமல் நேராகப் போனது.

“சார், சார்! ஆறு அந்தப் பக்கம்!”

“தெரியும். இப்படிச் சுத்திப் போனா மேட்டுல இருந்து பாக்கலாம்.”

“இந்தப் பாத பழைய டிவிஷனுக்குப் போவுது சார். ஒடஞ்சி கெடக்கு. யாரும் போக மாட்டாங்க.”

“யாரும் போகாத பாதையில சக்கரத் தடம் இருக்கே,” என்றார் சோலையப்பன், முன்னால் காட்டி. “மோட்டார் தடம் மாதிரி தெரியுது.”

பின் சீட்டில் இரும்பு மரத்தோடு உரசும் சத்தம் கேட்டது. பாராங்கை உறையிலிருந்து உருவும்போது வருகிற சத்தம். பஞ்சாலை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மயிலம்மாளின் முகத்தை நினைத்தாள்.

காடி நின்றது.

---

ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைத்த காலத்தில் கட்டிய செங்கல் கட்டடம். கூரையில் பாதி இல்லை. ஆனால் மூங்கில் கதவில் மட்டும் புதுப் பூட்டு ஒன்று மழையில் பளபளத்தது.

சோலையப்பன் நீளக் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிக் கதவின் முன்னால் போய் நின்றார்; பஞ்சாலையும் இறங்கினாள். “கிராணி ஐயா!”

 உள்ளேயிருந்து எதையோ தரையில் தட்டும் சத்தம் வந்தது. டொக். டொக். அவ்வளவு சின்னதாக.

“ஒதுங்குங்க சார்,” என்றான் தங்கராஜு.

அவன் காடிக்கு வெளியே, கட்டடத்தின் சிமெண்டுப் படியருகே நின்றிருந்தான். குடை கீழே கிடந்தது. வலது கையில் பாராங். இடது கை ஃப்ளாஸ்க்கின் வாரைப் பிடித்துப் படிக்கு மேலே உயர்த்தியிருந்தது.

“ஒரு அடி எடுத்து வச்சீங்க, இத கல்லுல அடிச்சிருவேன். உள்ள எல்லாம் கண்ணாடி. மருந்தும் கண்ணாடி.”

“சன்னாசியை நீதான் இடிச்சியா?”

“வேணும்னேவா இடிச்சேன்?” அவன் குரல் உடைந்தது. அவனும் பயந்துதான் போயிருந்தான், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. “மழ இருட்டுல தெரியல. நின்னிருக்கணும். நிக்கல. அது முடிஞ்சி போச்சு. கெழவரு அந்த ஒரு தாளக் குடுத்திருந்தா நான் ஏன் இவர அடைக்கிறேன்? நாலு நாளா கேக்கறேன். தண்ணி குடுத்தேன், ரொட்டி குடுத்தேன், கால்ல விழுந்தேன். எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க ரெண்டு பேரும் காடிய எடுத்துட்டுப் போயிருங்க. போங்க!”

“போனா அவர் செத்துப் போயிடுவாரு,” என்றார் சோலையப்பன்.

“போவலன்னாலும் சாவாரு!” ஃப்ளாஸ்க் இன்னும் ஒரு சாண் மேலே போனது.

சோலையப்பன் அசையவில்லை. அவர் முகத்தில் முதல்தடவையாக வியர்வையைப் பார்த்தாள் பஞ்சாலை. இவர் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கிழவர் தட்டுகிறார், மருந்து பத்தடியில் இருக்கிறது, நடுவில் இந்தப் பைத்தியக்காரன் நிற்கிறான்.  அந்தப் பயத்திலேயே அவள் வாய் திறந்துகொண்டது.

“ஒடைங்கண்ணே,” என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“நல்லா ஓங்கி ஒடைங்க. அதுல வெறும் ஐஸுதான் இருக்கு. பாலத்துக்கிட்ட கொடையப் புடிக்க ஃப்ளாஸ்க்க கீழ வச்சீங்க பாருங்க, அப்பவே குப்பிய எடுத்துட்டேன். என் பையில இருக்கு.”

பச்சைப் பொய். அவன் ஃப்ளாஸ்க்கை ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. பயத்தில் அதைக்கூட யோசிக்காமல் அவள் உளறிவிட்டாள். தங்கராஜுவும் அவளைப் போலவே பயந்திருந்ததால், வைத்தோமா இல்லையா என்று அவனுக்கும் நினைவு வரவில்லை.

“பொய் சொல்ற.”

“தொறந்து பாருங்க.”

அவன் ஃப்ளாஸ்க்கைக் குலுக்கினான். ஐஸ் உருண்டது. ஐஸ் மட்டுமா, குப்பியும் சேர்ந்தா? குலுக்கித் தெரியாது. மேலே கோப்பை மூடி, இறுக்கமாகத் திருகியது. அதற்கு அடியில் தக்கை. தண்ணீர் புகாத டப்பா தேடிய மனுஷனின் ஃப்ளாஸ்க் ஒற்றைக் கையால் திறந்துவிடுமா என்ன? தங்கராஜு ஒற்றைக் கையால் முயன்று பார்த்தான், வழுக்கியது. பாராங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தான்.

சோலையப்பனின் குடை அவன் மணிக்கட்டில் இறங்கியது. பாராங் ஒரு பக்கம் தெறித்தது. தங்கராஜு ஒரு பக்கம் சரிந்தான். ஃப்ளாஸ்க் மேலே எழும்பி, சுழன்று, படியை நோக்கி வந்தது. பஞ்சாலை சேற்றில் மார்பு பதிய விழுந்தாள். இரண்டு கையிலும் கனமாக, குளிர்ச்சியாக வந்து விழுந்தது அது.

அவள் காதில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி உடைந்த சத்தம் இல்லை.

---

பூட்டின் சாவி தங்கராஜுவின் சட்டைப்பையில் பேனாவோடு இருந்தது. சோலையப்பன் அவன் கைகளை அவனுடைய பெல்ட்டாலேயே பின்னால் கட்டி, கதவோரமாக உட்கார வைத்தார். அவன் எதிர்க்கவில்லை. தலை தொங்கிவிட்டது.

உள்ளே, ஷீட்டுகள் தொங்கவிட்ட பழைய மூங்கில் சட்டங்களுக்கு அடியில், கோணிப்பையின் மேல் நல்லசாமி சாய்ந்து கிடந்தார். கால் கட்டியிருந்தது. உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, மூச்சு வேகவேகமாக வந்துகொண்டிருந்தது. கையில் ஒரு செங்கல் துண்டு.

“யாரு?” என்றார், காற்றாக.

“மயிலம்மாக்கா அனுப்புனாங்க ஐயா. மருந்து கொண்டாந்திருக்கோம்.” பஞ்சாலையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. தக்கையைப் பிடுங்கினாள். ஐஸுக்கு நடுவில் குப்பி முழுசாக இருந்தது. காலையில் டிரெசர் காட்டிக்கொடுத்தபடி ஊசியில் ஏற்றினாள். அவசரத்தில் நேராகக் குத்தப் போனாள். கிழவரே அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“மொதல்ல காத்த வெளியாக்கு,” என்றார். “இப்ப போடு.”

போட்டாள்.

“சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம் ஐயா. தூக்கறேன்,” என்றார் சோலையப்பன்.

“இரு.” கிழவர் கையை நீட்டினார். “ஃப்ளாஸ்க்க குடு.”

“மருந்து போட்டாச்சு ஐயா.”

“குடும்மா.”

கொடுத்தாள். அவர் அதன் வாய்ப்பக்கம் பார்க்கவே இல்லை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மிச்ச ஐஸ் தரையில் சிதறியது. அடியில் இருந்த தகர மூடியைத் திருகப் பார்த்தார், பலம் போதவில்லை. சோலையப்பன் வாங்கித் திருகினார். கண்ணாடிக் குடுவைக்கு முட்டுக் கொடுக்கும் ரப்பர் வில்லை வெளியே வந்தது. அதற்குப் பின்னால், வெளித் தகரத்துக்கும் உள்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் சந்தில், பிளாஸ்டிக்கில் சுற்றி மடித்த ஒரு தாள்.

சோலையப்பன் பிரித்தார். ஆகஸ்டு நோட்டிலிருந்து கிழித்த காகிதம் மொடமொடவென்று இருந்தது.

“‘17.8.86, ஞாயிறு. மாலை 5.40. ஐந்தாம் பெட்டியைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான்! பா. தங்கராஜு, பால் ஸ்டோர்.’” அவர் ஒரு தடவை மூச்சு விட்டார். “சன்னாசி சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பினது அஞ்சரைக்கு.”

கதவோரத்தில் தங்கராஜு நிமிர்ந்து பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. நான்கு நாளாக ஒரு கிழவரை அடைத்து வைத்துக் கேட்ட தாள்.

“எல்லாப் பெட்டியவும் தொறந்து பாத்தானாம்,” என்றார் நல்லசாமி. அந்த நிலைமையிலும் உதட்டோரத்தில் தன் டப்பாவைப் பற்றிய பெருமை எட்டிப் பார்த்தது. “இந்த ஃப்ளாஸ்க்குக்குள்ள ஈரமே போவாது சார். எத்தன மழையானாலும். யாரு கொண்டாந்தது இத? நனையாம பாத்துக்கிட்டீங்களா?”

பஞ்சாலை மூக்கை உறிஞ்சினாள். முகமெல்லாம் சேறு. பாலத்தடியில் நின்றுபோன வாய் அப்போதுதான் மறுபடி அவளிடம் வந்து சேர்ந்தது.

“நாங்க எங்க ஐயா தூக்குனோம்? அவருதான் தூக்கிட்டு வந்தாரு,” என்று கதவோரத்தைக் காட்டினாள். “காலையிலேர்ந்து, தோள்ல மாட்டி, கொட புடிச்சி, ஒரு சொட்டு மழ படாம.”